கான் மேல் கட்டிய குசினி

முதலில் மன்னிக்க வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் தபால்காரர் கைகாட்டிய இடத்தில் பெயர் எழுதத்தான். எழுத்து கோணலாகத்தான் வரும். ஞாபகமும் முன்னைப்போல இல்லை. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பது சில நேரம் இடம் மாறிவிடுகிறது. ஆனாலும் இதை நானே எழுத வேண்டும் என்று நினைத்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசுவது சின்ன வயதிலிருந்தே எனக்கு வராது. எழுதும்போது யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் மலைநாட்டில் டயகமப் பக்கம். நான் இருக்கிற லயத்தில் ஒரே வரிசையாகப் பத்துக் காம்பராக்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. முன்னால் ஒவ்வொரு காம்பராவுக்கும் திண்ணைபோல ஒரு சின்ன இஸ்தோப்பு, அதைத் தாண்டினால் எல்லாருக்கும் பொதுவான வாசல். பின்னால் மண்மேடு, மேட்டுக்கு மேலே தேயிலை. மேட்டுக்கும் எங்கள் பின்சுவருக்கும் நடுவில் ஒரு கான் ஓடுகிறது. மலையிலிருந்து இறங்குகிற மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வராமல் திருப்பிவிடுவதற்காக, லயம் கட்டினபோதே கருங்கல் வைத்துக் கட்டின வாய்க்கால் அது. முழங்காலுக்கு மேலே ஆழம். முதல் காம்பராவில் தொடங்கிப் பத்தாவது வரைக்கும் எல்லாருடைய பின்கதவையும் தொட்டுக்கொண்டு போய்க் கீழே ஆற்றில் விழும்.

ஒரே ஒரு காம்பராவுக்குள் சமைத்து, படுத்து, பிள்ளை வளர்த்து எப்படி இருப்பது? அதனால் ஆளாளுக்குப் பின்பக்கம் கொஞ்சம் இழுத்துச் சமைக்க ஒரு குசினி கட்டிக்கொண்டோம். பின்பக்கம் என்றால் கான்தான். அதை மூடாமல் கட்ட முடியாது. என்னுடையது ஏழாவது காம்பரா. கொழும்பிலிருந்து ஒரு கிழமை லீவில் வந்திருந்த மகன்தான் கட்டிக் கொடுத்தான். பலகை போட்டு மூடினால் உக்கிப்போகும் என்று, கானுக்குள் ஒரு குழாயை வைத்து, சுற்றிலும் கல்லும் சீமெந்தும் போட்டு நிரப்பி, மேலே தரை போட்டான். குழாய் ஒரு வாளி அகலம் இருக்கும். அதன் வழியாக எலி வந்தது. எலி வராமல் குழாயின் வாய்க்குக் கம்பிவலை கட்டினது நான். அதை யாரும் சொல்லித் தரவில்லை, என் யோசனைதான். சாதாரண மழைக்கு அது ஒரு தொந்தரவும் தரவில்லை. இரண்டு வருஷம் எலியும் வரவில்லை.

ஆறாவது காம்பராவில் இருப்பவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். சொந்தம் இல்லை, ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் வருஷக்கணக்காகக் கொழுந்து எடுத்த பழக்கம். சீனி வருத்தம் முற்றி அவருக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கால்தான் போனது, வாய் போகவில்லை என்று அவரே சொல்வார். மகன் வெளியூரில் வேலை. மருமகள் காலையில் கொழுந்தெடுக்க மலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவாள். அதுவரை அக்காவுக்குப் பேச்சுத் துணை நான். துணை என்றால், அவர் பேசுவார், நான் கேட்பேன். அதற்கு நான் எழுந்து போகவும் வேண்டாம். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. என் காம்பராவில் தும்மினால் அவர் காம்பராவிலிருந்து "நூறு" என்று சத்தம் வரும்.

தண்ணீர் ஓடிவருகிற வழியில் அவருடைய காம்பரா முதலில், என்னுடையது அடுத்தது. என் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் போய் நிற்பது அவருடைய பின்கதவில். இதை நான் யோசிக்கவில்லை. அவர் யோசித்தார். குசினி கட்டி முடித்த அன்றைக்குச் சுவருக்கு மேலாகச் சொன்னார்: "ஏம்மா, கான் அகலத்துக்கு ஓடுற தண்ணிய ஒரு குழாய்க்குள்ள போகச் சொல்றியே, அது ஒன் பேச்சக் கேக்குமா?" அக்கா வழக்கம்போலப் பகிடி பண்ணுகிறார் என்று விட்டுவிட்டேன்.

நான் சொல்ல வந்த வருஷம் லயத்துக்கு மேல் மலையில் கவ்வாத்து வெட்டினார்கள். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்குவதைத்தான் கவ்வாத்து என்போம். வெட்டிப் போட்ட கிளைகளுக்கு மிலாறு என்று பேர். காய்ந்தால் நல்ல விறகு. பெண்களெல்லாம் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து கானுக்கு மேலே இருக்கிற மேட்டில் அடுக்கி வைத்தோம். வேறு இடமும் இல்லை, என்றைக்கும் அங்கேதான் அடுக்குவது. அந்த வருஷம் என் அடுக்குத்தான் எல்லாவற்றிலும் உயரம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அதே நாட்களில் கிராம சேவகரும் இன்னும் இரண்டு பேரும் வந்து கோயில் மண்டபத்தில் இடி மின்னல், வெள்ளம், மண்சரிவு பற்றிச் சொன்னார்கள். பாதி சிங்களம், பாதி தமிழ். நான் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்க வேண்டும், முப்பது எண்ணி முடிவதற்குள் இடிச்சத்தம் கேட்டால் வெளியில் நிற்கக் கூடாது என்றார்கள். மரத்தடிக்குப் போகக் கூடாது. கரண்டுச் சாமான், தண்ணீர்க் குழாய் தொடக் கூடாது. ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவுதானே என்று இறங்கக் கூடாது. பாலத்துக்கு மேலே தண்ணீர் போனால் பாலம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. வெளியேறச் சொன்னால் சாமான் சட்டி பார்க்காமல் வெளியேற வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, நடக்க முடியாதவர்கள் யாராவது லயத்தில் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். அக்கா இருக்கிறார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மருமகள் அன்றைக்கு மலையில். வேறு யாராவது சொல்வார்கள் என்று பேசாமல் இருந்தேன். எல்லாருமே அப்படித்தான் நினைத்திருப்பார்கள்போல. ஒருவரும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு ஒரு கிழமை இருந்தது. அன்றைக்குக் காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கள் பக்கம் அந்த மாதத்தில் காலை அப்படிக் காய்ந்தால் பின்னேரம் இடி நிச்சயம். உடுப்பெல்லாம் துவைத்துப் போட்டேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மலை உச்சிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. உடுப்பை எடுத்து முடிப்பதற்குள் முதல் இடி. டிவி வயரைப் பிடுங்கிவிட்டேன். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தேன்.

பிறகு பழைய கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கினேன். இடி இடிக்கும்போது இரும்பு எதையாவது வாசலில் போட்டால் அது வீட்டுக்குள் வராது என்று எங்கள் ஆட்கள் செய்வது வழக்கம். என் அம்மாவும் செய்வார்கள். கதவு திறந்த சத்தத்தைக் கேட்டு அக்கா உள்ளேயிருந்தே கேட்டார்.

"இந்தா, எங்க போற?"

"கத்திய வாசல்ல போடத்தான் அக்கா."

"இடிக்கு வழி காட்டவா? உள்ள வா. ஒன்னையும் கத்தியையும் சேத்துப் பொறுக்க எனக்குக் கால் இல்ல."

நான் அதற்குள் வாசல் நடுவில் நின்றேன். கையில் ஒரு முழம் இரும்பு. கண்ணை அடித்துக்கொண்டு ஒரு மின்னல். மூன்று கூட எண்ணவில்லை, காது அடைத்துப்போனது. மேல் மலையில் தேயிலைக்கு நிழலுக்காக நட்ட மரம் ஒன்று நெட்டுக்கு வெள்ளையாகப் பிளந்து நின்றது. கத்தியை எங்கே போட்டேன் என்று தெரியாது. இஸ்தோப்பில் ஏறி உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

மழை தகரத்தில் கல்லைக் கொட்டினதுபோல இறங்கியது. அக்கா பேசுவதே கேட்கவில்லை. பின்னால் கான் இரைந்து ஓடுவது மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியாது, அரை மணி இருக்கலாம். அதன் பிறகு கானின் இரைச்சல் நின்றுவிட்டது. மழை குறையவில்லை, தகரத்தில் அதே அடிதான். கான் மட்டும் அமைதியாகிவிட்டது. தண்ணீர் அடங்கிவிட்டது என்று நினைத்து நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.  மழை கொட்டும்போது கான் சத்தமில்லாமல் போனால் அது அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். மற்றது எதை மறந்தாலும் இதை வாசிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

சுவரில் கம்பால் தட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா.

"பின்கதவால தண்ணி வருது. சேத்துத் தண்ணி."

அக்காவின் பக்கம் திறக்கிற என் குசினிக் கதவைத் திறந்து பார்த்தேன். மேட்டில் அடுக்கியிருந்த மிலாறு ஒன்றுகூட மேட்டில் இல்லை. எல்லாம் கானுக்குள் சரிந்து வந்து என் குழாயின் வாயில் கூடை பின்னினதுபோல நெருக்கி நின்றது. என் பக்கத்தில் தண்ணீர் தரைக்கு ஒரு சாண் கீழே. அக்காவின் பக்கம் தரை தாழ்வு; அங்கே அது கதவுக்கு அடியால் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இனி எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டமானது. அந்த நேரம் என் மனதில் முதலில் வந்தது அக்கா இல்லை, வலை. மலையிலிருந்து எல்லாரும் இறங்கி வந்து பார்த்தால் அந்த வலையைப் பார்ப்பார்கள், இவள்தான் அடைத்தாள் என்று பேசுவார்கள். யாரும் வருவதற்கு முன்னால் அதைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கினால் தண்ணீரும் இறங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மையான காரணம் வெட்கம்தான். குசினித் தரையில் குப்புறப் படுத்து மிலாறுக்குள் கையை விட்டேன். வலை விரலில் பட்டது. இழுத்தேன். அந்த நேரம் அடியில் தண்ணீர் குழாய்க்குள் உறிஞ்சி என் கையையும் சேர்த்து இழுத்தது. முழங்கை வரைக்கும் கம்பியில் மாட்டிக்கொண்டது. முகத்துக்கு நாலு விரல் கீழே தண்ணீர்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவுக்கு நான் செய்வது தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"கைய எடுத்துட்டு வாடி," என்றார். "வலைய நாளைக்கும் எடுக்கலாம். என்னய நாளைக்கு எடுக்க முடியாது."

அதைக் கேட்டதும்தான் எனக்குப் புத்தி வந்தது. இழுத்த இழுப்பில் தோல் உரிந்து கை வெளியே வந்தது. முன்பக்கமாக ஓடி அக்காவின் காம்பராவுக்குள் போனேன். கணுக்காலுக்கு மேலே தண்ணீர், கறுப்பாக. அவர் கட்டிலில் உட்கார்ந்து கம்பை மடியில் வைத்திருந்தார். முகத்தில் பயம் தெரிந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை. காலை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட இங்கே இருக்கிறவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனவர்.

கட்டிலுக்கு அடியில் இருந்த அவருடைய தகரப் பெட்டி மிதந்து கதவுப் பக்கம் வந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, ஆஸ்பத்திரிக் கிளினிக் புத்தகம் எல்லாம் அதற்குள்தான். பெட்டியை எடு, பெட்டியை எடு என்று கை நீட்டினார். நான் அவர் சொல்லி எதையும் தட்டினவள் இல்லை. அன்றைக்கு, "பெட்டி வேணாம் அக்கா, நீங்க வாங்க" என்றேன். அவரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நீட்டின கையை இழுத்துக்கொண்டார்.

அவர் என்னைப்போல இரண்டு மடங்கு. தூக்க முடியாது. சக்கர நாற்காலி இஸ்தோப்பில் நின்றது, ஆனால் அதுவரை கொண்டுபோக வேண்டுமே. ஆணியில் மருமகளின் பழைய படங்கு தொங்கியது. கொழுந்து எடுக்கும்போது ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற தடித்த விரிப்பு அது. அதைக் கட்டிலில் விரித்து, அவரை உருட்டி அதன் மேல் ஏற்றி, கால்மாட்டுப் பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்கினேன். பிறகு தலைமாட்டு முனை இரண்டையும் தோளில் போட்டு இழுத்தேன். தண்ணீரே எனக்கு உதவி செய்தது. சீமெந்துத் தரையில் படங்கு வழுக்கிக்கொண்டு வந்தது. அக்கா இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துத் தள்ளித் தந்தார். இஸ்தோப்பிலிருந்து வாசலுக்கு மூன்று படி, நாற்காலி இறங்காது. அவரே உட்கார்ந்தபடி இறங்கினார். கடைசிப் படியில் இருக்கும்போது உள்ளே பெரிய சத்தம் கேட்டது. பின்சுவர் பாதி விழுந்து, மேட்டு மண்ணும் மிலாறும் சேர்ந்து கட்டில் வரைக்கும் வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். 

கூட்டத்தில் எங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நடுவில் இருக்கிற சின்னப் பாலத்துக்கு மேலே தண்ணீர் போவது வாசலிலிருந்தே தெரிந்தது. அங்கே போக முடியாது. இந்தப் பக்கம் மேட்டில் இருப்பது கோயில் மட்டும். இருபது, இருபத்திரண்டு படி. இடி இன்னும் நிற்கவில்லை. ஒரு மின்னலுக்கு எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டில் சத்தம் வந்தது. தூரம் போகிறது, ஆனால் போதாது. வாசலிலும் நிற்க முடியாது. ஏறத்தான் வேண்டும்.

அக்கா படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒரு காலால் உந்தி, ஒவ்வொரு படியாகப் பின்னுக்கு ஏறினார். கல் தேய்க்காமல் நான் படங்கை அவருக்கு அடியில் பிடித்துக்கொண்டே ஏறினேன். பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "படிக்குப் படி உக்காந்து கும்பிடுறேன். இதுக்கு மேல சாமிக்கு என்ன வேணுமாம்?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. ஆனாலும் சொன்னார். மேலே வந்ததும் அரசமரத்தடியில் கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்றார். மரம் வேண்டாம் என்று மண்டபத்துக்குள் இழுத்து வந்தேன்.

மண்டபத்திலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மடுவம் தெரியும். கொழுந்து நிறுக்கிற கொட்டகை அது. முதல் இடி கேட்டதுமே கங்காணி பெண்களை மலையிலிருந்து இறக்கி அதற்குள் கொண்டுவந்து வைத்திருந்தார். அது அவர் செய்த நல்ல காரியம். அங்கேயிருந்து எங்கள் லயத்தின் பின்பக்கமும் தெரியும். அக்காவின் காம்பராச் சுவர் விழுந்ததை மருமகள் பார்த்துவிட்டாள். மழைக்குத் தலையில் போடுகிற கொங்காணிகூட இல்லாமல் மழைக்குள் ஓடி வந்தாள். இரண்டு பெண்கள் பின்னால் வந்து பிடித்தார்கள். உதறிவிட்டுப் பாலத்துக்கு வந்துவிட்டாள்.

மாமி உள்ளே இருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். நாங்கள் மேட்டில் இருப்பது அவளுக்குத் தெரியாது. பாலத்தின் மேல் தண்ணீர் அங்கேயிருந்து பார்க்க முழங்காலுக்குக் கீழேதான் இருந்திருக்கும். ஒரு காலை வைத்துவிட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அறுபத்தெட்டு வருஷமாக மெதுவாகப் பேசிய தொண்டை அது.

"கத்து," என்றார் அக்கா. அவருக்கு மூச்சே சரியாக வரவில்லை. "நீ வெக்கப்பட்டா அவ போயிருவா."

"வராத" என்று கத்தினேன். "மாமி இங்க இருக்காங்க, வராத." என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. ஆற்றின் இரைச்சலில் அது பாதி தூரம்கூடப் போயிருக்காது. பிறகு கோயில் மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். விடாமல் அடித்தேன். அந்த நேரத்துக்கு மணி அடிக்காது என்பதால் அந்தப் பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். படங்கை இரண்டு கையாலும் தூக்கி ஆட்டி, அக்காவைக் காட்டினேன். அக்கா இரண்டு கையையும் உயர்த்தினார். மருமகள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காலைப் பின்னுக்கு எடுத்துச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. மடுவத்திலிருந்து பெண்கள் வெளியே வந்து பாலத்துப் பக்கம் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் வீட்டை நினைத்து அவசரம். மழைதான் விட்டுவிட்டதே என்று இரண்டு பேர் சேலையைத் தூக்கிச் செருகினதும் தெரிந்தது. கங்காணி குறுக்கே நின்று கையை விரித்தார். அதற்குப் பிறகுதான் மேல் மலைத் தண்ணீர் வந்து சேர்ந்தது. எங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்க, ஆறு ஒரு ஆள் உயரத்துக்கு ஏறி, ஒரு முழு மரத்தை உருட்டிக்கொண்டு வந்து, பாலத்தின் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. அதன் பிறகு யாரும் அவசரப்படவில்லை. பொழுது சாயும் நேரம்தான் தண்ணீர் வடிந்து அவர்கள் வந்து சேர்ந்தார்கள். மருமகள் படியேறி வந்து அக்காவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். என் உரிந்த கையைப் பார்த்துத் தன் இடுப்புத் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டாள். வலையை நினைக்க, அது எனக்குச் சுட்டது.

எட்டு நாளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். கான் ஏன் அடைத்தது என்று எல்லாரும் பேசினார்கள். மேட்டில் மிலாறு அடுக்கினது தப்பு என்றார்கள். தோட்டத்தில் முன்பு மழைக்கு முன்னால் கான் துப்புரவு செய்ய ஆள் போடுவார்கள், இப்போது போடுவதில்லை என்றார்கள். இரண்டும் உண்மை. வலையைப் பற்றி யாரும் பேசவில்லை. அது மண்ணுக்குள் போய்விட்டது. அக்காவும் பேசவில்லை. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில்தான் படுத்தோம். இன்றைக்குச் சொல்வார், இப்போது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ தாங்க முடியாமல் நானே கேட்டேன்.

"ஏன் அக்கா யார்கிட்டயும் சொல்லல?"

"என்னத்த?"

"வலைய."

"அது ஒன் வலைதானே. நான் எதுக்குச் சொல்லணும்?" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் தோட்டத்து ஆபீசிலிருந்து வந்து, கான் துப்புரவாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குத் திரும்பலாம் என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன். மேலே இருந்த மண்ணை அள்ளியிருந்தார்கள். என் குசினித் தரைக்கு அடியில் குழாய் அப்படியே இருந்தது. குழாயின் வாயில் கிழிந்த வலையும் பாதி தொங்கியது. அக்காவின் சுவரை அதே இடத்தில் கட்டி, கட்டிலை அதே இடத்தில் போட்டிருந்தார்கள். அடுத்த இடிமழைக்கு அவர் மறுபடியும் அங்கேதான் படுத்திருப்பார். அன்றைக்கு நான் வீட்டில் இல்லாமல் சந்தைக்குப் போயிருந்தால்?

பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்றேன்.  சுவரைப் பிடித்துக்கொண்டேன். கானுக்குள் குழாய் வைத்துக் கட்டினது நாங்கள், வாயில் எலிக்கு வலை கட்டினது நான், அதில்தான் மிலாறு வந்து நின்றது, குழாயை எடுக்காமல் யாரும் திரும்பிப் போகக் கூடாது என்று சொன்னேன். கூட்டத்தில் நடக்க முடியாதவர்களைக் கேட்டபோது பேசாமல் இருந்ததும் நான்தான் என்று அதையும் சொல்லிவிட்டேன்.  மருமகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

பிறகு மூன்றாம் காம்பராப் பெண் மெதுவாக, "எங்க குசினிக்கு அடியிலயும் குழாய்தான்" என்றாள். ஒன்பதாம் காம்பராவிலும் அப்படித்தான் என்று அந்த வீட்டு ஆள் சொன்னார். எண்ணிப் பார்த்தால் பத்தில் ஆறு. வலை கட்டினது மட்டும் நான் ஒருத்தி.

அடுத்த நாளே அலவாங்குக் கம்பி கொண்டுவந்து உடைத்தார்கள். முதலில் என்னுடையதை உடைக்கச் சொல்லி நானே கேட்டேன். மகன் தொலைபேசியில் கோபப்பட்டான். அக்கா வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, உடைக்கிறவர்களுக்கு அந்தக் கல்லைத் தட்டு, இந்தக் கல்லைத் தட்டு என்று வேலை சொல்லிக்கொண்டிருந்தார். கங்காணி வேலை கிடைக்காத குறையை அன்றைக்குத் தீர்த்துக்கொண்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

இப்போது கான் மேலே ஆறு குசினியும் இல்லை. இஸ்தோப்பின் ஒரு மூலையைத் தட்டி வைத்து மறைத்துச் சமைக்கிறேன். புகை முன்பக்கம் வருகிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மிலாறை வாசல் ஓரத்தில் அடுக்குகிறோம். மழை தொடங்கினால் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் ஒரு தரம் கானைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். கிராம சேவகரின் புத்தகத்தில் அக்காவின் பெயர் இருக்கிறது, எழுதினதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மருமகள் என்னோடு பேசுகிறாள், முன்னைப்போல இல்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் குறை சொல்ல மாட்டேன்.

இதை யாராவது அச்சில் போடுவதாக இருந்தால், அதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவர் சரிபார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மின்னலுக்கு முப்பது எண்ணச் சொன்னார்களா, வேறு கணக்கா என்று எனக்குச் சந்தேகம். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி உள்ளேயே இருக்க வேண்டும் என்றும் சொன்னதாக ஞாபகம், அது நிச்சயமில்லை. இடி நேரத்தில் நனைந்த மணிக் கயிற்றைப் பிடித்தது தப்பா என்றும் கேட்டுச் சொல்லுங்கள். தப்பென்றால் அதைத் தப்பென்றே எழுதிவிடுங்கள், வேறு ஒருவர் என்னைப் பார்த்துச் செய்யக் கூடாது. கான் எவ்வளவு நேரம் அமைதியாக இருந்தது, தண்ணீர் எந்த வழியால் முதலில் உள்ளே வந்தது, நான் குசினியில் எவ்வளவு நேரத்தை வீணாக்கினேன், இதெல்லாம் எனக்குத் துல்லியமாகத் தெரியாது. ஆறாம் காம்பராவில் அக்கா இருக்கிறார். பகலில் எந்த நேரம் வந்தாலும் சொல்வார். நான் எனக்குச் சாதகமாக ஏதாவது குறைத்து எழுதியிருந்தால், அவர் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.